தொடர்பியல் படிக்கிறவருக்குத் தத்துவம் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்து வருகிறேன். ஒவ்வொரு வருடமும் பாடத்திட்டத்தைப் பார்த்தவுடன் அதே கேள்விகளோடு வருகிறார்கள், சில சமயம் பெற்றோரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வாய்வார்த்தையாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேமரா, எடிட்டிங், செய்தி எழுதுவது, இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தானே வந்தோம்? நடுவில் தத்துவம் எங்கிருந்து வந்தது?

நடுவில் வந்தது தொடர்பியல்தான். பல்கலைக்கழகத்தில் தனித் துறையாக, தனி முனைவர் பட்டத்தோடு அது உருவானது 1940களில், அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் போன்ற இடங்களில், வில்பர் ஷ்ராம் மாதிரியான ஆட்களின் முயற்சியில். உலகப்போர்ப் பிரசாரமும் வானொலியும் விளம்பரமும் பெருகியிருந்த காலம். உளவியல், சமூகவியல், அரசியல், பொறியியல் என்று நாலு பக்கத்திலிருந்தும் ஆட்களும் கருவிகளும் வந்து சேர்ந்தன. ஆனால் அந்தத் துறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எதுவும் புதியவை இல்லை. என் மனதில் இருப்பது உன் மனதுக்கு எப்படிப் போகிறது, பேச்சால் ஒருவரை இணங்க வைப்பது எந்த அளவுக்கு நியாயம், காதில் விழுந்ததை எதை வைத்து நம்புவது என்ற கேள்விகளை இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகத் தத்துவக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராபர்ட் கிரெய்க் என்ற அறிஞர் 1999இல் தொடர்பியல் கோட்பாடுகளை ஏழு மரபுகளாகப் பிரித்துக் காட்டினார். அதில் சொல்லாட்சிக்கலை (பேசி இணங்க வைக்கும் கலை), குறியியல் (குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்பது), நிகழ்வியல் (அனுபவத்தை உள்ளிருந்து பார்ப்பது), விமர்சன மரபு (அதிகாரத்தைக் கேள்வி கேட்பது) ஆகிய நான்கு நேராகத் தத்துவத்தின் வீட்டிலிருந்து வந்தவை. மற்ற மூன்றையும் கொஞ்சம் கிளறினால் அங்கேயும் ஏதாவது ஒரு தத்துவ முடிவு அடியில் இருக்கும்.

சரி, ஆரம்பப் புள்ளி என்று எதைச் சொல்லலாம்?

மேற்கு மரபில் என்றால் நான் பிளேட்டோவிலிருந்துதான் தொடங்குவேன். ஏதென்ஸில் நீதிமன்றத்திலும் மக்கள் சபையிலும் பேசத் தெரிந்தவனுக்கே வாழ்வு. அதைக் காசுக்குக் கற்றுக்கொடுத்த சோஃபிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களை எதிர்த்து, பிளேட்டோ எழுதிய 'கோர்கியஸ்' உரையாடலில் அவருடைய ஆசான் சாக்ரடீஸ் ஒன்று சொல்கிறார்: இந்தப் பேச்சுக்கலை சமையல் மாதிரி, நாக்குக்கு இதமாக இருக்கும், ஆனால் உடம்புக்கு எது நல்லது என்பது வைத்தியனுக்குத்தான் தெரியும், குழந்தைகள் நடுவராக இருந்தால் சமையல்காரனே ஜெயிப்பான். தேர்தல் பிரசாரத்தை ஒரு விளம்பர நிறுவனம் வடிவமைப்பதைப் பற்றி இன்று நாம் விவாதிப்பதும் இதையேதான்.

பிளேட்டோவின் இன்னொரு உரையாடல் 'ஃபீட்ரஸ்'. இதைப் படிக்காமல் யாரும் பட்டம் வாங்கக் கூடாது என்று நினைக்கிறவன் நான். ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில், ஒரு பெரிய மரத்து நிழலில், சிள்வண்டு சத்தத்துக்கு நடுவே இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். எழுத்தைப் பற்றிச் சாக்ரடீஸ் சொல்லும் புகார் இதுதான்: எழுதி வைத்ததிடம் கேள்வி கேட்டால் சொன்னதையே திரும்பச் சொல்லும், யாரிடம் பேச வேண்டும் யாரிடம் பேசக் கூடாது என்று அதற்குத் தெரியாது, எல்லா இடத்திலும் உருண்டு திரியும், யாராவது தவறாகப் புரிந்துகொண்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியாது, அதைப் பெற்ற அப்பன் வந்துதான் காப்பாற்ற வேண்டும். இதை வகுப்பில் வாசித்துவிட்டு, பலமுறை ஃபார்வர்ட் ஆன ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திறந்து காட்டுவேன். எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, யாருக்காக எழுதியது என்று இல்லை. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

செய்தியை அனுப்பியாச்சு, அவருக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. அதுதானே தொடர்பு?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். "காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க" என்று ஆய்வுக்கூடத்தில் தெளிவாகச் சொன்னார்கள், அம்மாவும் தெளிவாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். "எதுவும் சாப்பிடலையே, காப்பிதானே குடிச்சேன்" என்றார். இத்தனைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் "காப்பி சாப்பிடுறீங்களா?" என்று கேட்பவரும் அவர்தான்! விருந்தாளி வரும்போது சாப்பாட்டுக் கணக்கில் வருகிற காப்பி, வெறும் வயிறு என்று வரும்போது அந்தக் கணக்கில் வருவதில்லை. அம்மாவிடமும் தப்பில்லை, அந்த ஊழியரிடமும் தப்பில்லை. ஒரு சத்தமும் வழியில் தொலையவில்லை, சொன்ன சொல் சொன்னபடியே போய்ச் சேர்ந்தது. மறுநாள் திரும்பப் போய் ரத்தம் கொடுத்தோம்.

1948இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் தகவல்தொடர்புக்கு ஒரு கணிதக் கோட்பாடு எழுதினார். இன்று உங்கள் போன் வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். அனுப்புநர், குறியாக்கம், வழி, இரைச்சல், பெறுநர் என்று நாம் பரீட்சைக்கு வரையும் படத்தின் வேர் அங்கேதான். ஆனால் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே, செய்தியின் பொருள் என்ன என்பது இந்தப் பொறியியல் சிக்கலுக்குத் தேவையில்லாதது என்று அவரே சொல்லிவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது தந்திக் கம்பியின் பிரச்சினை, அதை அழகாகத் தீர்த்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் படத்தை மனிதப் பேச்சுக்கு அப்படியே மாட்டினார்கள், அவர் ஒதுக்கி வைத்த பொருள் என்ற விஷயம் எங்கே போனது என்று கேட்க மறந்தார்கள். அதைக் கேட்கத்தான் தத்துவம் வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் ஒரு சொல்லின் பொருள் எங்கேதான் இருக்கிறது?

ஒரு காலத்தில் விட்கன்ஸ்டைன் என்ற தத்துவக்காரர், வாக்கியங்கள் உலகத்தைப் படம் பிடித்துக் காட்டுகின்றன என்று எழுதினார். பிறகு அவரே அதை விட்டு வெளியே வந்தார். அவர் இறந்த பிறகு 1953இல் வெளியான 'தத்துவ விசாரணைகள்' நூலில், பெரும்பாலான இடங்களில் ஒரு சொல்லின் பொருள் என்பது மொழியில் அதன் பயன்பாடுதான் என்றார். அம்மாவின் காப்பிக் கதைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்து ஆஸ்டின், ஆங்கிலேயத் தத்துவக்காரர். 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள் 1962இல் புத்தகமாயின. சில வாக்கியங்கள் உலகத்தை வர்ணிப்பதில்லை, ஒரு காரியத்தையே செய்துவிடுகின்றன என்றார். நம் ஊர் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று சொல்லும் வரை அந்தத் தேங்காய் மூட்டை யாருக்கும் சொந்தமில்லை, "மூணு தரம்" என்று சொல்லி முடித்த நொடியில் அது ஒருவருடையதாகிவிடுகிறது. அந்தச் சொல் உண்மையா பொய்யா என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் ஏலம் விடும் உரிமை இல்லாத ஒருவர் கூட்டத்தில் நின்று அதையே கத்தினால் ஒன்றும் நடக்காது, அதாவது சொல்லுக்குப் பின்னால் ஊர் ஒப்புக்கொண்ட ஒரு ஏற்பாடு நிற்கிறது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "வரேன்" என்கிறோமே, அதுவும் இப்படித்தான். போகிறவர் சொல்லும் "வரேன்" தகவல் கிடையாது, உறவை அறுத்துக்கொண்டு போகவில்லை என்று கொடுக்கும் உறுதி.

கிரைஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயத் தத்துவக்காரர் 1967இல் ஹார்வர்டில் பேசியது இன்னும் நுட்பமானது. பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள், தேவையான அளவு, உண்மையாக, பொருத்தமாக, தெளிவாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்கிறோம், அந்த எதிர்பார்ப்பு எங்கே மீறப்படுகிறதோ அங்கே சொல்லாத பொருளைத் தேடுகிறோம் என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றால் பெண்ணின் அப்பாவுக்கு என்ன புரிகிறது? அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லாத ஒரு "இல்லை", பஜ்ஜித் தட்டை எடுக்கும்போதே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. விளம்பரம் எழுதுகிறவர்களும், மறுப்பறிக்கை எழுதுகிற மக்கள் தொடர்பு அதிகாரிகளும் இந்தச் சந்தில்தான் பிழைக்கிறார்கள்.

ஒரு தத்துவக் கருத்து களத்தில் எதையாவது மாற்றியிருக்கிறதா?

மாற்றியிருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. நம் வட்டாரங்களில் "வேளாண் விரிவாக்க மையம்" என்று பலகை பார்த்திருப்பீர்கள். அந்த 'விரிவாக்கம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே ஒருவர் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

அவர் பாவ்லோ ஃபிரெய்ரே, பிரேசில் நாட்டுக் கல்வியாளர். 1964 ராணுவப் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி சிலியில் தங்கினார். அங்கே நிலச்சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்தது. வேளாண் பட்டதாரிகள் கிராமம் கிராமமாகப் போய் நவீன விவசாயம் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் போனார்கள். அவர்களைக் கவனித்து 1969இல் ஃபிரெய்ரே எழுதிய நூலின் தலைப்பே ஒரு கேள்வி: விரிவாக்கமா, தொடர்பா? விரிவாக்கம் என்று சொன்ன உடனேயே என்ன படம் மனதில் வருகிறது என்று அவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். உள்ளவன் ஒருவன், இல்லாதவன் ஒருவன். உள்ளவன் கையை நீட்டிக் கொடுக்கிறான். வாங்குகிறவன் வெறும் பாத்திரம். ஆனால் அறிவு அப்படிக் கைமாறும் பொருள் இல்லையே! விவசாயிக்கு மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, தன் கடனைப் பற்றி ஏற்கெனவே ஒரு முழு அறிவு இருக்கிறது, அது சரியோ தப்போ அவருடைய வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது, அதனுடன் பேசாமல் மேலே இன்னொன்றைக் கொட்டினால் அது ஒட்டாது. இருவரும் சேர்ந்து ஒரு பிரச்சினையை நடுவில் வைத்து யோசிப்பதற்குத்தான் தொடர்பு என்று பெயர் என்றார். இதற்குப் பின்னால், எதிரில் இருப்பவரைப் பொருளாக நடத்தாமல் ஓர் ஆளாகப் பார்க்கச் சொன்ன மார்ட்டின் பூபரின் 'நான்–நீ' சிந்தனை இருக்கிறது, ஹெகலும் மார்க்சும் இருக்கிறார்கள்.

ஏழை நாடுகளின் முன்னேற்றத்துக்கு ஊடகத்தைப் பயன்படுத்துவதை வளர்ச்சித் தொடர்பியல் என்பார்கள். அதுவரை அதில் மேலோங்கி இருந்தது, ஊடகத்தைப் பெருக்கினால் வளர்ச்சி தானாக வரும் என்ற நம்பிக்கை. ஷ்ராம் 1964இல் எழுதியதும் அந்தத் திசையில்தான். இந்தியாவிலும் 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடத்துக்கு 'சைட்' என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களில் நடந்தது. தொழில்நுட்பமாகப் பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கோ மையத்தில் தயாரான நிகழ்ச்சிகள் வானத்திலிருந்து ஆறு மாநிலத்துக் கிராமங்களுக்கும் இறங்கின. அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஒரு சின்ன ஒளிபரப்பியை வைத்துக்கொண்டு, உள்ளூர்ப் பேச்சில், உள்ளூர்ப் பிரச்சினைகளை, கிராமத்து மக்களையே பேச வைத்தும் நடிக்க வைத்தும் நிகழ்ச்சி செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஃபிரெய்ரே கேட்டது புரியும். புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்பதைத் தன் வாழ்நாள் ஆய்வாகவே வைத்துக்கொண்ட எவரெட் ரோஜர்ஸ்கூட 1976இல், பழைய பார்வையின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார்.

எண்ணிக்கையும் கருத்துக்கணிப்பும் இருக்கும்போது தத்துவம் பேசுவது நேர விரயம் இல்லையா?

இந்தச் சண்டை 1938லேயே நடந்துவிட்டது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மன் தத்துவக்காரர் தியோடர் அடோர்னோ, சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டின் அழைப்பில் நியூயார்க் வந்து வானொலி ஆய்வுத் திட்டத்தில் இசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். நியூவார்க்கில் மூடிக்கிடந்த ஒரு பீர் ஆலையில் அலுவலகம். அந்தத் திட்டத்தில் ஒரு கருவி இருந்தது. நிகழ்ச்சியைக் கேட்பவர் பிடித்தால் ஒரு பொத்தானையும் பிடிக்காவிட்டால் இன்னொன்றையும் அழுத்த வேண்டும், காகிதத்தில் கோடு கோடாகப் பதிவாகும். அடோர்னோவுக்குத் தாங்கவில்லை. பிடிக்கிறது என்பதே வானொலி திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்கியதால் வந்ததாக இருந்தால், அந்தப் பொத்தான் எதை அளக்கிறது என்று கேட்டார். பண்பாட்டை அள என்று தன்னிடம் சொன்னபோது, அளக்கிற அந்த மனநிலைக்கு இடம் கொடுக்காததுதானே பண்பாடு என்று தோன்றியதாகப் பின்னால் எழுதினார். கொஞ்ச காலத்தில் அந்த இசை ஆய்வுக்கு நிதி நின்றுபோனது.

நான் இதில் முழுக்க அடோர்னோ பக்கம் இல்லை. சாதாரண ஜனங்களின் ரசனை மேல் அவருக்கு இருந்த அவநம்பிக்கை எனக்கு ஒப்பாது. லாசர்ஸ்ஃபெல்டும் வெறும் எண்ணிக்கை ஆள் இல்லை, 1941இல் விமர்சன ஆய்வும் வேண்டும் என்று அவரே வாதாடி எழுதினார். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு ரீலுக்கு விழும் லைக், பார்த்தவரின் விருப்பத்தைக் காட்டுகிறதா, அல்காரிதம் அவருக்குப் பழக்கியதைக் காட்டுகிறதா? எண்ணிக்கை எடுப்பதால் மட்டும் இதற்குப் பதில் வராது. எதை எண்ணுகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம்தானா? நம் பக்கத்தில் ஒன்றும் இல்லையா?

நிறைய இருக்கிறது. "விதண்டாவாதம் பண்ணாதே" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்? அது பழைய இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தின் கலைச்சொல். நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடி ஆதாரத்தோடு பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகக் குயுக்தியும் சேர்த்துப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளியை உடைப்பது மட்டுமே வேலையாக இருந்தால் விதண்டை. இரவு எட்டு மணிக்கு ஏதாவது ஒரு செய்தி சேனல் விவாதத்தைப் போட்டு, யார் எந்த வகையில் பேசுகிறார் என்று மாணவர்களைக் குறிக்கச் சொல்வேன். ஒரே ஆள் பத்து நிமிடத்தில் மூன்றுக்கும் போய் வருவதைப் பார்க்கலாம்.

குயுக்திக்கு அந்த மரபு தரும் உதாரணம் அருமையானது. சமஸ்கிருதத்தில் 'நவ' என்றால் புதிய என்றும் ஒன்பது என்றும் பொருள். இந்தப் பையனிடம் நவ கம்பளம் இருக்கிறது என்று ஒருவர் புதுக் கம்பளத்தைச் சொல்கிறார், எதிராளி "ஒன்றுதானே இருக்கிறது, மீதி எட்டு எங்கே?" என்று மடக்குகிறார். பேட்டியிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து வேறு பொருளில் ஓட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு விஷயம், நம்பத்தகுந்தவர் சொல்வதையும் நியாய மரபு அறிவுக்கான ஒரு வழியாக ஏற்கிறது. நம்பத்தகுந்தவர் யார்? விஷயத்தை நேராக அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர். அவர் ரிஷியாக இருந்தாலும் சரி, மிலேச்சராக (அந்நியராக) இருந்தாலும் சரி, இலக்கணம் ஒன்றுதான் என்கிறார் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். செய்தி மூலத்தைச் சோதிக்கும்போது நிருபர் கேட்க வேண்டிய இரண்டு கேள்வியும் இதில் அடங்கிவிட்டன: இவர் பார்த்தாரா, பார்த்ததைச் சொல்கிறாரா?

வள்ளுவர் வாய்மைக்குச் சொல்லும் இலக்கணத்தையும் விட மாட்டேன், "யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்கிறார். இதற்கு மாறாக, எந்த நிலையிலும் பொய் கூடாது, கொலைகாரன் வாசலில் வந்து நண்பனைக் கேட்டாலும் கூடாது என்று 1797இல் ஜெர்மன் தத்துவக்காரர் காண்ட் எழுதினார். பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயரைச் செய்தியில் போடலாமா என்று வரும்போது, நடந்தது உண்மை என்பது மட்டும் போதாது என்று முடிவெடுக்க எனக்கு வள்ளுவர்தான் துணை.

ஹேபர்மாஸ் என்று ஒருவர் பெயர் எல்லா வினாத்தாளிலும் வருகிறதே?

அவர் ஜெர்மன் தத்துவக்காரர். 1962இல் அவர் எழுதிய நூல், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் காப்பிக் கடைகளிலும் பத்திரிகைகளிலும், மக்கள் கூடிப் பொது விஷயங்களை விவாதிக்கும் பொதுக்களம் என்ற ஒன்று எப்படி உருவானது, பிறகு வணிகத்திடம் எப்படிச் சிக்கியது என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் 1989இல்தான் வந்தது, உடனே 1990இல் நான்சி ஃப்ரேசர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர், அந்தக் களத்துக்குள் பெண்களும் உழைக்கும் மக்களும் எங்கே இருந்தார்கள் என்று கேட்டார். நமக்கு இது உடனே புரியும். தமிழ்நாட்டு டீக்கடையில் பத்திரிகையைச் சத்தமாக வாசித்து அரசியல் பேசியதைப் பெருமையாகச் சொல்கிறோம், பல ஊர்களில் அதே கடையில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் இருந்தது, உள்ளே பெஞ்சில் உட்கார முடியாமல் வெளியே நின்று குடிக்க வேண்டியிருந்தது. பொதுக்களம் என்று பதில் எழுதும் மாணவர் அந்த டம்ளரையும் எழுதினால் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

தத்துவத்துக்குத் தொடர்பியலால் ஏதாவது லாபம் உண்டா?

உண்டு. தத்துவக்காரர்கள் பெரும்பாலும் தாங்களே செய்த வாக்கியத்தை வைத்துத்தான் யோசிப்பார்கள். ஹார்வி சாக்ஸ் என்ற சமூகவியலாளர் 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைக் கேட்டார். எடுத்தவர் தன் பெயரைச் சொன்னால் அழைத்தவரும் பெயர் சொல்வது வழக்கம். ஒருவர் மட்டும் "எனக்குக் கேட்கவில்லை" என்றார். திரும்பச் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போனது, பெயர் சொல்ல வேண்டிய இடமே கடந்து போய்விட்டது. அத்தனை சின்ன இடத்தில் ஒரு மனிதர் தன் பெயரை மறைத்துக்கொள்கிறார்! நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் இது கிடைக்காது.

வேலைக்கு உதவுமா?

கேமராவை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், மென்பொருள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். எதைக் காட்டுவது, எதை வெட்டுவது, யாரை நம்புவது என்ற முடிவுகளை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டியிருக்கும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

தடித்த கோட்பாட்டுப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். முதலில் 'ஃபீட்ரஸ்', பிறகு ஆஸ்டினின் உரைகள், அப்புறம் ஃபிரெய்ரே. அதோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். வீட்டில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துப் பேச்சை ஐந்து நிமிடம் போனில் பதிவு செய்து, "ம்", "சரி", இடைவெளி எதையும் விடாமல் காகிதத்தில் எழுதுங்கள். ஐந்து நிமிடப் பேச்சை எழுத இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். பாட்டி எத்தனை விதமாக "சரி" சொல்கிறார், அதில் எத்தனை "சரி" சம்மதம் இல்லை என்று எண்ணிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள், அங்கிருந்து பேசுவோம்.